கண்ணை மூடிய பூனையும் கொண்டைக்கடலை விலையும்

பருப்பு விலை ஏறும்போதெல்லாம் தில்லியில் ஒரு சடங்கு நடக்கும். முதலில் அமைச்சர்கள் கூடிப் பேசுவார்கள். அடுத்து "பதுக்கல்காரர்கள் மீது கடும் நடவடிக்கை" என்று அறிக்கை வரும். அதற்கும் விலை மசியவில்லை என்றால் கடைசி அஸ்திரம்: முன்பேர வர்த்தகத்துக்குத் தடை. மறுநாள் பேப்பரில் "ஊக வணிகத்துக்கு ஆப்பு" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. டிவியில் இரண்டு பேர் பாராட்டுவார்கள், ஒருவர் திட்டுவார். பருப்பு மட்டும் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தத் தடையில் அரசாங்கத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. செலவே கிடையாது. இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். ரேஷனில் கொடுக்க மானியம் வேண்டும். கொள்முதல் செய்யக் கிடங்கு வேண்டும், சாக்கு வேண்டும், லாரி வேண்டும். தடை போட ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். நடவடிக்கை எடுத்தாயிற்று என்ற பேரும் கிடைத்துவிடும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பது எல்லாருக்கும் தெரியும், பூனையைத் தவிர.

முதலில் முன்பேர வர்த்தகம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இதைத் திட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சீட்டாட்ட கிளப் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (ஆதரிப்பவர்களில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

மாமரம் பூ விட்டிருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மொத்தமாக ஒரு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சர்வசாதாரணம். காய்ப்பு அமோகமாக இருந்தால் வியாபாரிக்கு லாபம். காற்றடித்துப் பிஞ்சு கொட்டினால் அதுவும் அவர் தலையில். தோப்புக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே யாரும் யாரையும் சூதாடி என்று சொல்வதில்லை. நாளைய விலையின் பயத்தை ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

முன்பேரச் சந்தை இதையே ஒழுங்குபடுத்திச் செய்கிறது. சரக்கின் தரம் இன்னது, அளவு இத்தனை டன், ஒப்படைக்கும் மாதம் இன்னது, கிடங்கு இன்ன ஊரில் என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மீதி இருப்பது விலை மட்டும். அதை வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரும் மார்ஜின் என்று ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் கணக்குப் பார்த்து, அன்றைக்கு நஷ்டப்பட்டவர் கணக்கிலிருந்து லாபம் பார்த்தவர் கணக்குக்குப் பணம் போகும். மாந்தோப்பு வியாபாரி ஓடிப்போனால் தோப்புக்காரர் வாயில் மண். இங்கே ஓடிப்போக நினைப்பவரின் பணம் ஏற்கெனவே சந்தையிடம் இருக்கிறது.

ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ அக்டோபர், நவம்பரில் கொண்டைக்கடலை விதைக்கிறார்கள். மார்ச்சில் அறுவடை. நவம்பரில் மார்ச் விலை என்னவாக இருக்கும் என்று தெரிந்தால் கடலை போடலாமா, கோதுமை போடலாமா என்று முடிவு செய்யலாம். "எந்த விவசாயி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃப்யூச்சர்ஸ் பண்ணுகிறான்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். பெரும்பாலானோர் பண்ணுவதில்லை. ஆனால் மண்டியில் விலை பேசும் வியாபாரி திரையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். அந்தத் திரை பொதுவில் இருந்தால் விற்க வந்தவரும் மொபைலில் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசலாம். அணைத்துவிட்டால், வியாபாரிக்குத் தெரிந்தது வியாபாரிக்கு மட்டும் தெரியும். நஷ்டம் யாருக்கு?

இனி சரித்திரம். இந்தியாவில் இது வெள்ளைக்காரக் கம்பெனிகள் நேற்றைக்குக் கொண்டுவந்து இறக்கிய சமாச்சாரம் அல்ல. பம்பாயில் 1875-லேயே பருத்திக்கு முன்பேரச் சந்தை அமைப்பு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. சுதந்திரம் வந்ததும் 1952-ல் முன்பேர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம், 1953-ல் அதைக் கவனிக்க முன்பேரச் சந்தை ஆணையம். அப்புறம் அறுபதுகளின் பஞ்ச காலத்தில் மறுபடி தடைகள். ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்துவிட்டது 2003-ல்தான். அதே ஆண்டில்தான் எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். என்ற தேசிய அளவிலான ஆன்லைன் சந்தைகளும் வந்தன.

திறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. 2007 ஜனவரியில் துவரைக்கும் உளுந்துக்கும் தடை. அடுத்த மாதமே கோதுமைக்கும் அரிசிக்கும் தடை. அடுத்த வருஷம் 2008 மே மாதம் கொண்டைக்கடலை, சோயா எண்ணெய், ரப்பர், உருளைக்கிழங்கு.

கோதுமை விலை அப்போது ஏன் ஏறியது? 2006-ல் அரசு கொள்முதல் செய்த கோதுமை சுமார் 92 லட்சம் டன்தான். அதற்கு முந்தைய ஆண்டில் அது ஒன்றரைக் கோடி டன்னுக்குப் பக்கத்தில் இருந்தது. கையிருப்பு காலி. பல வருஷம் கழித்து இந்தியா கப்பல் கப்பலாகக் கோதுமை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. உலகத்தின் மிகப் பெரிய வாங்குபவர்களில் ஒருவர் பை காலியாக நிற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? இதைச் சொன்ன திரையை அணைத்துவிட்டார்கள்.

தடை போட்ட கையோடு, முன்பேர வர்த்தகத்தால்தான் விலை ஏறியதா என்று ஆராய அபிஜித் சென் தலைமையில் ஒரு குழுவும் போட்டார்கள். (வரிசையைக் கவனிக்க: முதலில் தண்டனை, அப்புறம் விசாரணை.) 2008-ல் அறிக்கை வந்தது. ஆராய்ந்த 21 விளைபொருள்களில் 14-ல் முன்பேரம் வந்தபின் விலையேற்றம் வேகமெடுத்திருந்தது, ஏழில் குறைந்திருந்தது. ஆனால் அதற்குக் காரணம் முன்பேர வர்த்தகம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கிடைத்திருக்கும் காலம் ரொம்பக் குறைவு என்று குழு சொல்லிவிட்டது. தடையை ஆதரித்தவர்கள் 14-ஐப் பிடித்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள் "சொல்ல முடியாது" என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் பயன்பட்டது என்ற வகையில் வெற்றிதான்.

குழு சொல்ல முடியாததைக் காலம் சொல்லிவிட்டது. துவரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஜனவரியில் போட்ட தடைக்குப் பிறகு துவரைக்கு முன்பேர ஒப்பந்தம் திரும்ப வரவே இல்லை. எட்டு வருஷம் கழித்து 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, சாம்பார் வைப்பதே ஆடம்பரம் என்று ஜோக் எல்லாம் ஓடியதே, அப்போது எந்த ஊக வணிகன் எந்தத் திரையில் உட்கார்ந்து ஏற்றினான்? இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. விளைச்சல் விழுந்தது. வெளிநாட்டிலும் துவரை கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிற சரக்கு அல்ல. இதுதான் காரணம். ஒருவேளை முன்பேரச் சந்தை இருந்திருந்தால், வரப்போகும் பற்றாக்குறை முன்கூட்டியே விலையில் தெரிந்திருக்கும், இறக்குமதிக்கு ஆர்டர் கொடுக்க அவகாசம் கிடைத்திருக்கும் என்றுகூட வாதாடலாம்.

வெங்காயம்? இந்தியாவின் பெரிய சந்தைகளில் வெங்காயத்துக்கு முன்பேர வர்த்தகம் கிடையாது. 2019 கடைசியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியது. தக்காளி? அதற்கும் கிடையாது. 2023 ஜூலையில் பல ஊர்களில் 150-ஐத் தாண்டியது. அந்த மாதம் நாட்டின் சில்லறை உணவுப் பணவீக்கம் 11.5 சதவீதம். அந்த நேரத்தில் ஏழு முக்கிய விளைபொருள்களின் முன்பேர வர்த்தகம் ஒன்றரை வருஷமாகத் தடையில் கிடந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

உலக அளவிலும் இதே கதைதான். 2007-08-ல் உலகச் சந்தையில் தானிய விலையெல்லாம் எகிறியபோது, மற்றவற்றைத் தூக்கி அடித்துவிட்டு ஏறியது அரிசி. தாய்லாந்து அரிசி டன் ஆயிரம் டாலர் வரை போனது. கோதுமை, மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டால் அரிசிக்கு உலகில் முன்பேர வர்த்தகம் மிகச் சொற்பம். ஏற்றிவிட்டது சூதாடிகள் அல்ல, அரசாங்கங்கள். இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுமதியைத் தடுத்தது, வியட்நாம் தொடர்ந்தது, பயந்துபோன பிலிப்பைன்ஸ் என்ன விலை கொடுத்தாவது வாங்கத் தயாராக டெண்டர் மேல் டெண்டர் விட்டது.

அமெரிக்காவில் வெங்காயத்துக்கு முன்பேர வர்த்தகம் சட்டப்படி குற்றம் என்பது தடை கோஷ்டி அடிக்கடி எடுத்துக்காட்டும் உதாரணம். அதையும் முழுசாகச் சொல்லிவிடலாம். 1955-ல் வின்சென்ட் கொசூகா, சாம் சீகல் என்ற இரண்டு பேர் சிகாகோவில் இருந்த வெங்காயத்தில் பெரும்பகுதியைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் விலை இறங்கும் என்ற பக்கம் பந்தயம் கட்டிவிட்டு, சரக்கை மொத்தமாகச் சந்தையில் கொட்டினார்கள். 1955 ஆகஸ்டில் 2.75 டாலருக்கு விற்ற 50 பவுண்டு மூட்டை, 1956 மார்ச்சில் 10 சென்ட். வெங்காயத்தைவிடச் சாக்கின் விலை அதிகம்! விவசாயிகள் கொதித்துப்போய், 1958-ல் சட்டமே வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்த மிச்சிகன் எம்.பி. ஜெரால்ட் ஃபோர்டு பிற்காலத்தில் ஜனாதிபதியும் ஆனார். சட்டம் வந்தபின் வெங்காய விலையின் ஏற்ற இறக்கம் குறைந்துவிட்டதா என்றால், கூடியது என்று ஒரு கட்சியும் பெரிய வித்தியாசமில்லை என்று ஒரு கட்சியுமாகப் பொருளாதாரக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கதையில் உண்மையான கேள்வி வேறு. இரண்டே இரண்டு பேர் ஒரு நகரத்தின் வெங்காயத்தை வளைக்கும் வரை கண்காணிப்பவர்கள் எங்கே போயிருந்தார்கள்?

இதே கேள்வியை இந்தியாவிலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முன்பேரச் சந்தையில் அயோக்கியத்தனமே நடப்பதில்லை என்று சொல்பவர் ஒன்று புரோக்கராக இருக்க வேண்டும், அல்லது பேப்பர் படிக்காதவராக இருக்க வேண்டும்.

கொத்தவரையைப் பாருங்கள். பொரியலுக்கு வாங்கும் அதே கொத்தவரங்காய்தான். அதன் விதையிலிருந்து எடுக்கும் பசை அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பதற்கு வேண்டியிருந்தது. தேவை நிஜம். ஆனால் 2011-12-ல் குவிண்டால் மூவாயிரம் ரூபாய் வாக்கில் இருந்த விதை முப்பதாயிரம் வாக்குக்கும், பசை ஒரு லட்சத்துக்குப் பக்கத்திலும் போனது நிஜத் தேவையால் மட்டுமா? ஆணையம் மார்ஜினைக் கூட்டிப் பார்த்தது, வரம்புகளைக் குறைத்துப் பார்த்தது, கடைசியில் 2012 மார்ச்சில் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு மே மாதம்தான் திறந்தது. 2012 கடைசியில் கொச்சியில் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாகச் சொல்லி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2016 ஜனவரியில் ஆமணக்கு விலை சரிந்து, வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஈரோட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010-11 வாக்கில் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் ஐந்தாயிரத்துக்கும் கீழே வந்தது. மஞ்சளை ஆன்லைன் வர்த்தகத்திலிருந்து நீக்கு என்று விவசாயிகளே கோரிக்கை வைத்தார்கள். அவர்கள் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் விலை ஏறியபோது எல்லாரும் மஞ்சளே போட்டார்கள், அடுத்த ஆண்டு சந்தையில் மஞ்சள் குவிந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தக்காளியில் இதே கூத்து ஆன்லைன் இல்லாமலேயே நடக்கிறது. தவிர, ஒப்பந்தத்தின் மையம் நிஜாமாபாத். ஈரோட்டு மஞ்சளுக்கும் நிஜாமாபாத் மஞ்சளுக்கும் ரகம், தரம், விலை எல்லாம் வேறு. ஈரோட்டுக்காரர் தன் சரக்கை வைத்து அந்தத் திரையில் பாதுகாப்புத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. இதைச் சரிசெய்வதுதான் ஒழுங்குமுறை. அங்கங்கே ஒப்படைப்பு மையம் வை, சின்ன அளவு ஒப்பந்தம் கொண்டுவா, ஒருவர் எத்தனை டன் வைத்திருக்கலாம் என்பதை அந்த வருஷத்து விளைச்சலைப் பார்த்து முடிவு செய், கிடங்குக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மூட்டையைப் பிரித்துப் பார். எல்லாமே வேலை. வெயிலில் அலைய வேண்டிய வேலை. தடை உத்தரவு ஏசி அறையிலேயே முடிந்துவிடும்.

அந்த வேலையைச் செய்ய வேண்டிய ஆணையத்தின் லட்சணம் என்ன? முன்பேரச் சந்தை ஆணையத்துக்குத் தானாக யாருக்கும் அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. 1952 சட்டப்படி வழக்குப் போட்டு, கோர்ட்டுக்குப் போய், குற்றம் நிரூபணமானால் ஆயிரம் ரூபாயில் ஆரம்பிக்கும் அபராதம். கோடிக்கணக்கில் புரளும் சந்தைக்கு ஆயிரம் ரூபாய்! பல்லைக் கொடுங்கள் என்று கேட்டுக்கேட்டு, 2008-ல் ஒரு அவசரச் சட்டம் வந்து காலாவதியானது. 2010-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவே இல்லை. துவரைக்குத் தடை போட ஒரே நாள் போதுமாயிருந்த அரசுக்கு, ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்க ஏழு எட்டு வருஷம் போதவில்லை.

இந்த இடத்தில்தான் 2007-க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஜனவரியில் துவரை, உளுந்து; பிப்ரவரியில் கோதுமை, அரிசி. மார்ஜின் கட்டி, தினமும் கணக்குத் தீர்த்து, வெளிச்சத்தில் நடந்த வர்த்தகத்தை நுகர்வோர் நலன் என்ற பேரில் நிறுத்தினார்கள். அதே வருஷம் ஜூன் மாதம், அதே நுகர்வோர் விவகாரத் துறை, நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற புதுச் சந்தைக்கு 1952 சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. ஒருநாள் ஒப்பந்தம் மட்டும்தான், கையில் சரக்கு இல்லாமல் விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். நிபந்தனையை மீறினால் யார் பார்ப்பது என்பதை மட்டும் தெளிவாக எழுதவில்லை. ஆணையம் கைக்கு எட்டாத தூரத்தில். செபிக்குச் சம்பந்தமில்லை. ரிசர்வ் வங்கிக்குச் சம்பந்தமில்லை.

அங்கே என்ன நடந்தது? இரண்டு நாளில் சரக்கு வாங்கும் ஒப்பந்தத்தையும், அதே சரக்கை இருபத்தைந்து நாள் கழித்து விற்கும் ஒப்பந்தத்தையும் ஜோடியாகச் சேர்த்து விற்றார்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு 14, 15 சதவீத வட்டி மாதிரி வரும். ரிஸ்க்கே இல்லை, கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று புரோக்கர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். பெயர்தான் ஸ்பாட். நடந்தது வட்டிக்கடை. நெல், சர்க்கரை, ஆமணக்கு என்று பேப்பரில் ஓடியது. 2013 ஜூலை 31-ல் கடையை மூடினார்கள். சுமார் 13 ஆயிரம் பேருக்குச் சேர வேண்டிய 5,600 கோடி ரூபாய் வரவில்லை. கிடங்கைத் திறந்து பார்த்தால் இருக்க வேண்டிய சரக்கு இல்லை. ரிட்டயர்டு ஆசாமிகள் பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தைப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றார்கள்.

ஒரு பக்கம் கேட் போட்டுப் பூட்டுப் போட்டார்கள், மறுபக்கம் சுவரையே இடித்துவிட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத சந்தைக்குத் தடை, கண்காணிப்பே இல்லாத சந்தைக்கு விலக்கு. இரண்டும் ஒரே துறையின் கையெழுத்து, அஞ்சாறு மாத இடைவெளியில். "ஒழுங்குமுறை அதிகமானதால்" வந்த வினை என்று தாராளமயவாதிகளும் சொல்ல முடியாது, "ஒழுங்குமுறை குறைவானதால்" என்று இடதுசாரிகளும் மொட்டையாகச் சொல்ல முடியாது. தப்பான இடத்தில் தடி, காவல் வேண்டிய இடத்தில் காலி நாற்காலி.

சூடு பட்டபின் புத்தி வந்தது. ஆணையத்தை 2013 செப்டம்பரில் நிதியமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2015 செப்டம்பர் 28-ல் அதைச் செபியோடு இணைத்தார்கள். அபராதம் போடவும், கணக்குப் புத்தகத்தைக் கைப்பற்றவும் அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு அறுபது வருஷத்தில் முதல்முறையாக விளைபொருள் சந்தைக்குக் கிடைத்தது. இனிமேலாவது அந்தப் பழைய சடங்கு நிற்கும் என்று நினைத்தவர்கள் உண்டு.

2021 டிசம்பர் 20. நெல் (பாசுமதி தவிர), கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பச்சைப்பயறு என ஏழு பொருள்களுக்கும் ஒரு வருஷம் முன்பேர வர்த்தகம் கிடையாது. மத்திய அரசு சொன்னது, செபி உத்தரவு போட்டது. கடலையையும் கடுகையும் அதற்குச் சில மாதம் முன்பே நிறுத்தியாயிற்று. பல்லு முளைத்த நாயைக் கட்டிப்போட்டு, "வீட்டுக்காரர் குரைத்துக்கொள்வார்" என்று சொன்ன மாதிரி :-)

இதில் பாமாயில் எதற்கு என்பது யாருக்கும் புரியாத புதிர். இந்தியா சாப்பிடும் பாமாயிலில் ஏறக்குறைய எல்லாமே இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. விலை முடிவாவது கோலாலம்பூர் சந்தையில். மும்பையில் திரையை அணைத்தால் கோலாலம்பூரில் விளக்கு அணையுமா? 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர், ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்தது, எண்ணெய் விலை கொதித்தது. பெரிய இறக்குமதியாளர்கள் மலேசியச் சந்தையில் போய்ப் பாதுகாப்புத் தேடிக்கொள்ளலாம். சின்ன எண்ணெய் ஆலைக்காரர் எங்கே போவார்? அவருக்கு இருந்த ஒரே குடையைத்தான் பிடுங்கினார்கள், அதுவும் மழை வரப்போகிற நேரத்தில்.

போகட்டும், விலை ஏறும்போது தடை போட்டார்கள், பயத்தில் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கியபோது என்ன செய்தார்கள்? 2023-ல் கடுகு அறுவடைக்கு வந்தபோது குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 5,450 ரூபாய். ராஜஸ்தான் மண்டிகளில் அதற்கும் கீழேதான் விலை போனது. 2024-ல் சோயாவுக்கு ஆதரவு விலை 4,892 ரூபாய். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதைவிடப் பல நூறு ரூபாய் குறைவாக விற்றுவிட்டுப் போனார்கள். விலையேற்றத்தைத் தடுக்கப் போட்ட தடை, விலைச் சரிவிலும் அப்படியே இருந்தது. விதைக்கும்போதே, அறுவடை மாதத்து விலையில் ஒரு பகுதியையாவது பூட்டி வைக்க முடிந்திருந்தால் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் உறுப்பினர்களுக்காக அதைச் செய்திருக்கலாம். சில நிறுவனங்கள் தடைக்கு முன்னால் செய்யவும் தொடங்கியிருந்தன. அந்தக் கதவும் சாத்தியே கிடந்தது. ஊக வணிகனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள், விவசாயியை மண்டி வியாபாரியிடம் வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

ஊக வணிகனாவது சும்மா இருந்தானா என்றால் அதுவும் இல்லை. அவனுக்கு டப்பா வர்த்தகம் இருக்கிறது. போனிலேயே பந்தயம், துண்டுச்சீட்டிலேயே கணக்கு. மார்ஜின் இல்லை, வரி இல்லை, வரம்பு இல்லை, செபி இல்லை. சட்டப்படி நடக்கும் சந்தையை மூடினால் அங்கிருந்து ஓடுகிறவர் ஆலைக்காரர்தான். சூதாடிக்கு இடம் மாறினால் போதும்.

இன்னொன்று. இந்த விளைபொருள்களின் விலையை ஒரே ராத்திரியில் ஆட்டிவைக்கும் சக்தி நாட்டில் ஒருவருக்குத்தான் உண்டு, அது மத்திய அரசு. எண்ணெய் இறக்குமதி வரியை மாற்றுவார்கள். 2022 மே 13-ல் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். இருப்பு வரம்பு போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் லாபம் பார்க்கிறார், யாரோ ஒருவர் மூழ்குகிறார். சந்தையை ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் இந்த அறிவிப்புகளுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா? விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் வர்த்தகத்தை நிறுத்துவதில்லை என்று ஒரு விதி எழுதலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் என்ன ஆதாரத்தில், எந்த நாள் வரை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இன்னொன்று எழுதலாம். செபி தானாக முடிவெடுக்கட்டும், அமைச்சகம் போன் போட வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று. மூன்றுக்கும் பட்ஜெட்டில் பைசா ஒதுக்க வேண்டியதில்லை. சும்மா கிடைப்பதைத்தானே அரசுக்குப் பிடிக்கும்?

2021 தடை ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொன்னார்கள். 2022 டிசம்பரில் இன்னும் ஒரு வருஷம். அதன்பின் 2024 டிசம்பர் வரை. அப்புறம் 2025 ஜனவரி 31 வரை. அப்புறம் மார்ச் 31 வரை. அந்த மார்ச்சில், 2026 மார்ச் 31 வரை. 2025 ஜனவரியில் கடுகு வயலில் பூத்து நின்றபோது, அதை விதைத்தவருக்குத் தன் அறுவடை மாதத்தில் சந்தை திறந்திருக்குமா மூடியிருக்குமா என்று சொல்ல தில்லியில் ஒருவரும் இல்லை.